பிடித்து விடுதல் அறமாகுமா?

மீனைப் பிடிப்பவன் உண்பதற்காகப் பிடிக்கிறான். அன்றேல் விற்பதற்காகப் பிடிக்கிறான். இவ்விரண்டுக்கும் புறம்பாக மூன்றாவது காரணமொன்று உண்டென்று எமது கரையோரத்துக் கடற்றொழிலாளரிடம் சொன்னால் அவர்கள் சிரிப்பர். ஆயினும், இறகும் மயிரும் கட்டிய முள்ளை எறிந்தெறிந்து நாள் முழுதும் குளிராற்றில் இடுப்பளவு நீரில் நின்று, ஈற்றில் அகப்பட்ட பெருமீனை அளந்து பார்த்து, படமும் எடுத்துக்கொண்டு, மீண்டும் அதே ஆற்றில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் மனிதர் உலகிற் பெருந்தொகையினர் உளர். அவர்கள் தமது செயலை வெறும் விளையாட்டென்று கூறுவதோடு நின்றுவிடுவதில்லை. அதை அறமென்றும் கூறுகின்றனர். கொல்லாமல் விட்டோமே, இதனினும் மேலான கருணை உண்டோ என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

ட்ரவுட் என்பது குளிர்ந்து தெளிந்து ஓடும் நீரில் வாழும் மீன். இளமையில் அதன் உணவு பெரும்பாலும் நீர்ப்பூச்சிகளே. ஆகவே அதனைப் பிடிக்க விரும்பியோர் பூச்சியைப் போன்ற சிறு உருவங்களை இறகினாலும் நூலினாலும் முள்ளிற் கட்டி எறிந்தனர். இதுவே ஈத்தூண்டில். ஆனால், ஓரடிக்கு மேல் வளர்ந்த பழுப்பு ட்ரவுட்டுகளுட் பல, பூச்சியைக் கொறித்துக் காலங் கழிப்பதில்லை. சிறுமீன்களை வேட்டையாடத் தொடங்குகின்றன. தம்மினத்துக் குஞ்சுகளையும் அவை விட்டுவைப்பதில்லை. பகலில் அரிப்புண்ட கரையின் அடியிலும் விழுந்த மரத்தின் நிழலிலும் பதுங்கியிருந்து, அந்தியிலும் இரவிலும் மேகங் கவிந்த நாட்களிலும் வெளிப்படுகின்றன. இத்தகைய கிழட்டு வேட்டைமீனுக்கென அமைக்கப்பட்டதே ஸ்ட்ரீமர் என்னும் பெரிய ஈ. பெயர்தான் ஈ, உருவமோ சிறுமீனுடையது. மான்வால் மயிர், சேவலிறகு, வான்கோழியின் மெல்லிறகு, முயற்றோலின் கீற்று முதலியவற்றை நீண்ட முள்ளில் வைத்துக் கட்டுவர். நீரில் நனைந்ததும் அவை உயிருள்ளதுபோல் மூச்சு வாங்கும். சிலர் இரண்டு முட்களை இணைத்து, நடுவில் வளைந்து நெளியுமாறும் செய்வர். கரையோரத்தை நோக்கி எறிந்து, நூலைக் கையால் இழுத்து நிறுத்தி, மீண்டும் இழுத்து நிறுத்தி, காயம்பட்ட மீனொன்று தப்பியோடுவது போன்ற தோற்றத்தை உண்டாக்குவதே இக்கலை. பூச்சியை மீன் மெல்ல உறிஞ்சும். ஸ்ட்ரீமரையோ பாய்ந்து தாக்கும். அந்தத் தாக்குதலின் அதிர்ச்சி கைக்கு எட்டும் கணத்துக்காகவே நூற்றுக்கணக்கான முறை எறிந்து களைத்துப்போகவும் மனிதர் தயாராயிருக்கின்றனர்.

இதிற் கலையில்லை என்று நாம் சொல்லமாட்டோம். 1924ஆம் ஆண்டு ஜூலை முதலாம் நாள், அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், தொப்பி தைக்கும் தொழில் பயின்ற கறி ஸ்டீவன்ஸ் என்னும் பெண், தாம் கட்டிய இறகுமீனொன்றைக் கொண்டு ஏறத்தாழ ஏழு இறாத்தல் நிறையுள்ள ஓடை ட்ரவுட்டைப் பிடித்தார். அதன்பின் அவரிடம் ஈ கேட்டு வந்தோர் பலர். பற்றிறுக்கி எதுவுமின்றி வெறுங்கையிலேயே பிடித்துக் கட்டிய அவருடைய வேலைப்பாட்டை இன்றும் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுவோர் உளர். மகளிர் தொப்பிக்கு இறகு பொருத்திய கை, மீனின் செவுளையும் முதுகையும் இறகினால் தோற்றுவித்தது. உழைக்கும் கையின் நுட்பத்தை எங்கு கண்டாலும் மதிப்பவர் நாம்.

ஆனால் அறம் பற்றிய கேள்வி வேறு. சிறு ட்ரவுட்டைப் பிடிப்பவன் அதனை அடுப்பில் வைக்கலாம். அங்கு உணவென்னும் நியாயம் ஒன்றேனும் எஞ்சியிருக்கிறது. ஸ்ட்ரீமர் தேடும் மீனோ அத்தகையதன்று. ஓர் ஆற்றின் நீண்ட தூரத்துக்குள் அதுபோன்றவை சிலவே இருக்கும். பல ஆண்டு வாழ்ந்து, பல தலைமுறைக்கு முட்டையிட்ட மீன் அது. அதனைக் கொன்று தின்பது ஆற்றுக்குக் கேடு என்பதைத் தூண்டிற்காரரே முதலில் ஒப்புக்கொள்வர். ஆகவே, எந்த மீனைத் தின்னக்கூடாதோ அந்த மீனையே குறிவைத்து இக்கருவி செய்யப்பட்டிருக்கிறது. பசி என்ற சாக்கு முற்றாக நீங்கிய நிலை இது. எஞ்சி நிற்பது இன்பம் ஒன்றே. ஓர் உயிரின் உடலை எமது இன்பத்துக்காகப் பயன்படுத்தி, பின்னர் உயிரோடு விட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

பிடித்து விடும் வழக்கத்துக்கு வாதாடியவர்களுள் லீ வுல்ஃப் முதன்மையானவர். விளையாட்டு மீனின் பெறுமதி ஒருவர் ஒருமுறை பிடிப்பதோடு தீர்ந்துபோகக் கூடாது என்ற கருத்தை அவர் 1939ஆம் ஆண்டிலேயே நூலில் எழுதினார். கருத்து விவேகமானது. ஆனால் இதில் மீனைப் பற்றிய இரக்கம் எங்கே இருக்கிறது? மீன் இங்கு மூலதனம். அதைத் தின்றால் மூலதனம் அழியும், பிடித்துப் பிடித்து விட்டால் வட்டி வந்துகொண்டிருக்கும். நாளை மற்றொருவரும் பிடிக்கவேண்டும் என்பதற்காகவே இன்று விடப்படுகிறது. மனிதருக்கிடையே இன்பத்தைப் பங்கிடும் நல்ல ஏற்பாடு என்று இதனைப் புகழ்வோம். அருளென்று பெயரிட மறுப்போம்.

எமது மரபு இவ்விடத்தில் எமக்கு உதவுகிறது. வள்ளுவர் புலான்மறுத்தலை ஓர் அதிகாரமாகவும் கொல்லாமையை வேறோர் அதிகாரமாகவும் வைத்தார். இரண்டும் ஒன்றேயென்று வகுப்பில் மாணவர் சொல்வதுண்டு, அன்று. அவ்விரண்டுக்கும் இடையில், கொல்லாமைக்கு நேர்முன்னே, இன்னாசெய்யாமை என்ற அதிகாரம் நிற்கிறது. பிடித்து விடுபவர் தின்னவில்லை, முதலாவதிலிருந்து தப்பிவிட்டார். கொல்லவில்லை, அல்லது கொல்ல நினைக்கவில்லை. கொல்லாமையிலும் ஓரளவு தப்பினார். நடுவில் நிற்கும் அதிகாரத்திலேயே அவர் கால் சிக்கிக்கொள்கிறது. இம்மூன்றும் துறவறத்துக்கு வகுத்தவையல்லவா, இல்லறத்தானை ஏன் இவற்றால் அளக்கவேண்டும் எனலாம். உண்மையே. துறவியின் அளவுகோலை மீனுண்ணும் மக்கள் மீது சுமத்த நாம் வரவில்லை. யாழ்ப்பாணத்துக் கடலோரச் சிற்றூரொன்றிற் போய்ப் புலால் மறுத்தலை உபதேசிப்பவன் அவ்வூரின் வறுமையை அறியாதவன். இன்னா செய்தல் என்பது கொல்லுதலின் வேறான குற்றம், கொல்லாமையால் அது கழுவப்படுவதில்லை என்ற பகுப்பு மாத்திரமே எமக்கு வேண்டியது.

மீனுக்கு நோவுண்டா என்று இங்கே இடைமறிப்பார் சிலர். 2003ஆம் ஆண்டு லின் ஸ்னெடன் என்ற விஞ்ஞானியும் அவருடன் உழைத்தோரும் வானவில் ட்ரவுட்டின் தலையில் 58 உணர்வேற்பிகளை ஆராய்ந்து, அவற்றுள் 22 நோவூட்டும் தூண்டல்களுக்குத் துலங்குவன என்று கண்டனர். உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் உணவை மறுத்தன. பக்கத்துக்குப் பக்கம் ஆடின. உதட்டைச் சரளைக் கல்லில் உரசின. இதற்கு ஓராண்டு முன்னரே ஜேம்ஸ் ரோஸ் என்பவர், மனித மூளையின் மேற்புறணி மீனுக்கு இல்லையாகையால் நாம் நோவென்று அனுபவிப்பது அதற்கு இருக்கமுடியாது என வாதித்திருந்தார். வாதம் இன்றும் தீரவில்லை. தீராத வாதத்தில் ஐயத்தின் பயனை யாருக்கு அளிப்பது என்பதே அறக்கேள்வி. உணவுக்காகப் பிடிப்பவன் தன் பசியைத் தராசின் மறுதட்டில் வைக்கலாம். விளையாடுபவனுக்கு வைப்பதற்கு என்ன இருக்கிறது?

நோவை ஒதுக்கிவிட்டாலும் சாவை ஒதுக்க முடியாது. 1992ஆம் ஆண்டு கனடாவிலிருந்து வெளியான ஆய்வொன்றில், களைத்து ஓயும்வரை ஓட்டப்பட்ட வானவில் ட்ரவுட்டுகளில், நீரை விட்டு எடுக்கப்படாதவற்றுள் நூற்றுக்கு 12 இறந்தன. 30 விநாடி காற்றிற் பிடிக்கப்பட்டவற்றுள் நூற்றுக்கு 38 இறந்தன. 60 விநாடி பிடிக்கப்பட்டவற்றுள் நூற்றுக்கு 72. அறுபது விநாடி என்பது, மீனை ஏந்திக்கொண்டு நண்பரைக் கூப்பிட்டு ஒரு படம் எடுக்கும் நேரம். விடப்பட்ட மீன் வாலை அசைத்து ஆழத்திற்குப் போவதைக் கண்டவருக்கு மனம் நிறைகிறது. அதன்பின் ஆழத்தில் நிகழ்வதை அவர் காண்பதில்லை. நல்ல தூண்டிற்காரர் இதனை அறிவர். முள்ளின் பின்னோக்கிய கூரை நசுக்கிவிடுவதும், தடித்த நூலைக் கொண்டு விரைவிற் கரைசேர்ப்பதும், மீனை நீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றுவதும் அவர்கள் கைக்கொள்ளும் நெறிகள். மொன்டானா மாநிலத்தில் நீரின் வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து 23 பாகை செல்சியசைத் தொட்டால் பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை ஆற்றை மூடிவிடுகின்றனர். இவை பாராட்டத்தக்கன. ஆனால், தீங்கைக் குறைக்கும் நெறி ஒவ்வொன்றும் தீங்கு உண்டென்பதற்கான ஒப்புதல் வாக்குமூலமும் ஆகும்.

எமது இடதுசாரி நண்பர் சிலருக்கு இவ்வளவு ஆராய்ச்சியும் வேண்டாததாகத் தோன்றக்கூடும். 'இது செல்வரின் பொழுதுபோக்கு. இதிலென்ன தத்துவம்' என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவர். வரலாற்றிலே அதற்கு ஆதாரம் உண்டு. இங்கிலாந்தின் தென்பகுதிச் சுண்ணாம்பு நிலத்து ஆறுகளில் தூண்டிலிடும் உரிமை கரைநில உடைமையோடு ஒட்டியது. அங்கு 1880களில் ஹல்ஃபோர்ட் என்னும் செல்வர், நீரின் மேல் மிதக்கும் ஈயே கனவானுக்குரியது என்று சட்டம் வகுப்பதுபோல் எழுதினார். ஸ்கியூஸ் என்ற வழக்கறிஞர் 1910ஆம் ஆண்டில், நீருக்குள் அமிழும் ஈயும் நியாயமானதே என்று நூல் எழுதியதனால் மூண்ட பகை, 1938ஆம் ஆண்டில் லண்டன் கழகமொன்றில் முறையான விவாதமே நடத்தும் அளவுக்கு நீண்டது. ஸ்ட்ரீமரைக் கண்டிருந்தால் இருசாராரும் சேர்ந்து காதைப் பொத்தியிருப்பர். 'நியாயம்', 'நேர்மை' என்ற சொற்கள் அரை நூற்றாண்டு அங்கு முழங்கின. அந்த நியாயத்தின் கட்சிக்காரர்களுள் மீன் ஒருபோதும் சேர்க்கப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு வர்க்கத்தின் சுவை, அறத்தின் அங்கியை அணிந்துகொண்டு உலாவுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

எனினும், செல்வர் செய்வதெல்லாம் செல்வர் செய்வதனாலேயே தவறென்று சொல்லிவிட முடியாது. மொன்டானாவில் 1984ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்புகளும் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் ஆற்றின் நீரை எல்லோருக்கும் திறந்துவிட்டன. கரைநிலம் யாருடையதாயினும், உயர்நீர்க் கோட்டுக்குள் நிற்கும் தொழிலாளியை விரட்ட எவருக்கும் உரிமையில்லை. அங்கு ஸ்ட்ரீமர் எறிவோருள் தச்சரும் லொறிச் சாரதியரும் உளர். மார்க்சும் எங்கெல்சும் 1845-46ஆம் ஆண்டுகளில் எழுதிய ஜெர்மானியச் சித்தாந்தத்தில், தொழிற்பிரிவினையின் தளையறுந்த மனிதனைக் கற்பனை செய்தபோது, அவன் விரும்பிச் செய்யும் காரியங்களுள் மீன்பிடித்தலையும் சேர்த்தனர். ஓய்வு மனிதனின் உரிமை. அதற்காகவே வேலைநேரக் குறைப்புப் போராட்டங்கள் நடந்தன. ஆதலால் கேள்வி முன்னையினும் கூர்மையடைகிறது. எல்லோருக்கும் ஓய்வு கிடைத்துவிட்ட சமுதாயத்திலும், அந்த ஓய்வு மற்றோர் உயிரின் வாயில் முள்ளாகக் குத்தலாமா? வர்க்கத்தைச் சுட்டிக் காட்டியதனால் இதற்கு விடை சொல்லியாயிற்று என்று எண்ணுவோர் சிந்திக்கச் சோம்புகின்றனர் என்றே நாம் கருதுகிறோம்.

பெரிய ட்ரவுட் தானே ஒரு கொலைகாரன், தன்னினத்தையே தின்பவன், அவனை அவன் இரையின் உருவத்தைக் காட்டி ஏமாற்றுவதில் என்ன தவறு என்றும் ஒரு வாதம் கேட்கிறோம். இதிற் கவிதைச் சுவை உண்டு, நியாயம் இல்லை. ட்ரவுட் பசிக்குக் கொல்கிறது, கொன்றதைத் தின்கிறது. அறம் என்ற சுமை அதன் முதுகில் ஏற்றப்படவில்லை. இயற்கையின் நாடகத்தில் தாமும் ஒரு பாத்திரம் என்று தூண்டிற்காரர் சொல்லும்போது, அந்த நாடகமேடையைக் கட்டியவர் யார் என்றும் கேட்கவேண்டியிருக்கிறது. ஆர்கன்சா மாநிலத்தின் வைட் ஆற்றில் இன்று பேருருக் கொண்ட பழுப்பு ட்ரவுட்டுகள் வாழ்கின்றன. அவை அவ்வாற்றுக்குரியன அல்ல. 1951ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட புல் ஷோல்ஸ் அணையின் அடியாழத்துக் குளிர்நீர் திறந்துவிடப்பட்டதும் வெந்நீர் மீன்கள் அகன்றன. ட்ரவுட் கொண்டுவந்து விடப்பட்டது. மாரிக்குளிரில் நீர்த்தேக்கத்துச் சிறுமீன்கள் செயலிழந்து, மின்யந்திரத்தினூடாக அடித்துவரப்படுகின்றன. அவற்றைத் தின்னக் கூடும் பெருமீன்களுக்கே வெண்ணிற ஸ்ட்ரீமர்களை எறிகின்றனர். காட்டு விலங்கின் காட்டுத்தன்மையே மின்சாரத்தின் உபவிளைவாய் அமைந்திருக்கிறது!

பழுப்பு ட்ரவுட்டின் வரலாறு முழுவதுமே இத்தகையது. ஐரோப்பிய மீனாகிய அது, ஆங்கிலேயர் குடியேறிய இடமெல்லாம் குடியேறியது. 1864ஆம் ஆண்டில் அதன் முட்டைகள் தஸ்மேனியாவை அடைந்தன. ஜெர்மனியிலிருந்து சென்ற முட்டைகளின் குஞ்சுகள் 1884ஆம் ஆண்டில் மிச்சிகன் ஆற்றில் விடப்பட்டன. அதே பத்தாண்டில் எமது நுவரெலியாவுக்கும் அது வந்து சேர்ந்தது. கோப்பி அழிந்து தேயிலை எழுந்த காலம் அது. தென்னிந்தியத் தொழிலாளர் கொழுந்து பறித்த மலைகளின் மேலே, துரைமாரின் ஞாயிற்றுக்கிழமைக்காக ஓடைகளில் மீன் வளர்க்கப்பட்டது. அதன்பின் வந்த வானவில் ட்ரவுட் ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் இன்றும் வாழ்கிறது. அவ்வோடைகளுக்கே உரிய சிற்றுயிர்களுக்கு அதனால் நேர்ந்த இழப்பு, துரைமாரின் கணக்கேடுகளில் ஏறாத செலவு.

இனி, தூண்டிற்காரரின் மிக வலிய வாதத்துக்கு வருவோம். ஆற்றைக் காத்தவர்கள் நாங்களே என்கின்றனர். இதை எவரும் மறுக்க முடியாது. மிச்சிகனின் ஓ சேபிள் ஆற்றின் கரையில் கிரேலிங் என்றொரு நகரம் உண்டு. அங்கு வாழ்ந்த ஒரு மீனின் பெயரே நகரின் பெயராயிற்று. மரக்கம்பனிகள் காடுகளை வெட்டி, மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு, கரைகளை அரித்துத் தள்ளின. அளவின்றிப் பிடித்தமையும் புதிதாக விடப்பட்ட ட்ரவுட்டின் போட்டியும் சேர்ந்துகொண்டன. 1930களில் கிரேலிங் மீன் அம்மாநிலத்து ஆறுகளிலிருந்து மறைந்துவிட்டது. பெயர் மட்டும் நகரத்தின் வாயிலில் நிற்கிறது. அதே ஆற்றின் கரையில் 1959ஆம் ஆண்டில் கூடிய தூண்டிற்காரர் சிலர் ட்ரவுட் அன்லிமிட்டெட் என்ற சங்கத்தை அமைத்து, வளர்ப்புக் குஞ்சுகளைக் கொட்டுவதை விட்டு ஆற்றையே திருத்தவேண்டும் என்று போராடினர். அவர்கள் இன்பத்தைத் தேடி ஆற்றிற்கு வராதிருந்தால் அந்தப் போராட்டம் எழுந்திராது என்பதையும் ஏற்கிறோம்.

ஆனால் இவ்வாதம் ஆற்றைக் காத்ததற்கு நன்றி கேட்கிறது. முள்ளுக்கு நியாயம் சொல்லவில்லை. காவற்காரனுக்குக் கூலியாக மீனின் வாயைக் கொடுக்கவேண்டியிருக்கிறதென்றால், அந்தக் குறை மீனுடையதோ தூண்டிற்காரருடையதோ அன்று. ஆற்றைப் பொதுச்சொத்தாகக் காக்கத் தவறிய சமுதாயத்தினுடையது. விளையாட்டு வீரருக்கு வேண்டாத ஆறுகளின் கதி என்ன? சேற்றுமீன் வாழும் ஆற்றுக்கு எந்தச் சங்கம் வழக்காடும்?

ஸ்ட்ரீமரின் கதையிற் சேர்க்கவேண்டிய இன்னொருவரும் உண்டு. அமெரிக்கக் கடைகளில் விற்கப்படும் ஈக்களுட் பெரும்பங்கு கென்யாவிலும் தாய்லாந்திலும் எமது இலங்கையிலும் உள்ள தொழிற்சாலைகளிற் கட்டப்படுவது. கட்டுவோர் பெரும்பாலும் பெண்கள். கறி ஸ்டீவன்சின் பெயர் அவர் கட்டிய ஈயோடு நிலைத்தது. இப்பெண்களின் பெயர் பொட்டலத்தில் இல்லை. பழுப்பு ட்ரவுட்டைக் கண்ணாற் காணாமலே, அதன் கண்ணை ஏமாற்றும் உருவத்தை நாள்தோறும் எண்ணிக்கைப்படி கட்டி முடிப்பவர்கள் அவர்கள். மீனை மெதுவாக விடவேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதும் மென்மையான இதயங்கள், முள்ளைக் கட்டிய விரலைப் பற்றி எழுதியதை நாம் அரிதாகவே காண்கிறோம்.

அப்படியாயின் என்ன செய்வது? ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காரணமின்றி விலங்குக்கு நோவையோ துன்பத்தையோ உண்டாக்கலாகாது என்கிறது. உணவு நியாயமான காரணம், விளையாட்டு அன்று என்றே அது அங்கு விளங்கிக்கொள்ளப்படுகிறது. சுவிற்சர்லாந்து 2008ஆம் ஆண்டு விதியில் இன்னும் வெளிப்படையாகப் பேசியது: விட்டுவிடும் எண்ணத்தோடே மீன் பிடிப்பது அங்கு தடை. கொல்லாமல் விடுவதைக் குற்றமாக்கும் சட்டமா என்று முதலிற் கேட்பவர் திகைப்பர். எமக்கு அதிற் திகைப்பில்லை. கிராமக் கோயில்களில் ஆடு வெட்டும் வேள்வியை எதிர்த்து எமது எழுத்தாளர் எத்தனையோ எழுதியுள்ளனர். அந்த ஆடு ஈற்றிற் சட்டிக்குப் போய் ஊராரின் பசிக்காவது உதவுகிறது. முப்பது மீனைப் பிடித்து முப்பதையும் விட்டவரைவிட, ஒரு சிறு மீனைப் பிடித்து, உடனே கொன்று, தின்றவரின் கை சுத்தமானது என்பதே எமது துணிபு.

இதன்படி பார்த்தால் ஸ்ட்ரீமருக்கு இடமில்லாமற் போகும் என்று அதன் அன்பர் வருந்துவர். ஆம், பெரும்பாலும் இல்லாமற்போகும். கிழட்டுப் பெருமீனைத் தின்னக்கூடாது. தின்னக்கூடாததைப் பிடிக்கவும் கூடாது. வேண்டுமானால் சிறிய ஈயை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகட்டும். சமையலுக்குப் போதுமான ஒரு மீன் அகப்பட்டதும் அன்றைய தூண்டில் முடிந்தது. மணி நான்காயினும், மேகம் கவிந்து, எதிர்க்கரை மரத்தடியில் ஏதோ பெரிதாக நீரைக் கலக்கினும், நூலைச் சுற்றிக்கொண்டு கரையேறவேண்டியதுதான்.